மங்கலாகத் தெரியும் அந்தப் பச்சைப் புடவை

தம்பி,

கொரியர்காரன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதே. நான் எதையும் அனுப்பவில்லை. போன வாரம் ஃபோனில், "அம்மா, நித்யாவுக்கு அதே சிதம்பரம் மண்டபத்துல வளைகாப்பு வெச்சிருக்கோம். கல்யாணத்துல பண்ண மாதிரியே அப்பா வந்து ஆசீர்வாதம் பண்ற வீடியோ இன்னொண்ணு பண்ணலாம்னு இருக்கேன். அந்தப் பழைய வீடியோ கேமராவோட மெமரி கார்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு அனுப்பிடு" என்றாய். நான் "பாக்கறேன்" என்றேன். அதை நீ "அனுப்புகிறேன்" என்று எடுத்துக்கொண்டாய். கார்டுகள் என் பீரோவில், உன் அப்பா போட்டு வைத்த அதே பிஸ்கட் டப்பாவில், இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஏன் அனுப்பவில்லை என்பதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ என்னை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பாய். நான் விஷயத்துக்கு வரும்போது "மீட்டிங்மா" என்பாய். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை கடலூரில் அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவள் நான். எழுத்தில் இருந்தால்தான் எனக்கு ஒரு விஷயம் விஷயமாகப் படும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி.

உன் கல்யாணத்திலிருந்தே தொடங்குகிறேன். சிதம்பரத்தில் அந்தப் பெரிய மண்டபம். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க எல்.இ.டி. திரை. முகூர்த்தம் முடிந்து எல்லாரும் அட்சதை போட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்த நேரம், விளக்கை அணைத்தார்கள். திரையில் மேகம் வந்தது, மேகத்திலிருந்து வெள்ளை வேட்டியில் ஒருவர் இறங்கி வந்தார். "நல்லா இருங்க செல்லங்களா, அப்பா எப்பவும் உங்க கூடத்தான் இருப்பேன்" என்று இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினார். மண்டபமே கை தட்டியது. நித்யாவின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ அழுதாய், அதையும் கிட்டே வந்து படம் எடுத்தார்கள். நான் அழவில்லை. எனக்கு முதலில் அது யார் என்றே தெரியவில்லை தம்பி. சட்டை உன் அப்பாவுடையது. அது புதுவீடு குடிபோனபோது போட்டிருந்த கோடு போட்ட சட்டை. சட்டையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

உன் அப்பாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு இரண்டு கன்னத்திலும் தழும்பு இருந்தது. வலது கண் இடது கண்ணைவிடக் கொஞ்சம் சின்னது. திருப்பாதிரிப்புலியூர் கடையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக்கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும்போது கம்பியைப் பல்லால் கடித்துக் கடித்து முன்பல் ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. கடலூரில் எத்தனை பேர் வீட்டுக் கிணற்று மோட்டார் அந்தப் பல்லால் ஓடியது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். திரையில் வந்தவருக்குக் கன்னம் வழவழவென்று இருந்தது. இரண்டு கண்ணும் ஒரே அளவு. பல் வரிசை விளம்பரத்தில் வருகிறவனுடைய பல் வரிசை. குரலும் அவர் குரல் இல்லை. உன்னை அவர் என்றைக்காவது "செல்லம்" என்று கூப்பிட்டிருக்கிறாரா? "டேய் தம்பி, அந்த ஸ்பானர எடு" என்பதுதான் அவருடைய அதிகபட்சக் கொஞ்சல். அந்த மனிதரோடு நான் இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். மேகத்திலிருந்து இறங்கி வந்தவரை நான் பார்த்ததுகூட இல்லை.

முகம் மாறிப்போனதற்காக மட்டும் இவ்வளவு கோபமா என்று கேட்பாய். இல்லை. அந்தத் திரையை நான் எங்கிருந்து பார்த்தேன் என்று உனக்குத் தெரியுமா? மேடையிலிருந்து இல்லை. முன்வரிசையிலிருந்தும் இல்லை. மேடைக்கு இடது பக்கம், நாதஸ்வரக்காரர்களுக்குப் பின்னால், தூணோரம். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு உன் அத்தை, அதாவது உன் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, கெட்டிமேளம் கொட்டற நேரம் நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்களேன். நான் ஒண்ணும் சொல்லல, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றாள். புருஷனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாதாம். பெற்றவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் அவளும் அவள் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார்கள். நீ அவர்கள் காலைக் கழுவிப் பொட்டு வைத்தாய். நான் நகர்வதற்கு முன் உன்னை ஒரு முறை பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய், அத்தை பேசியதும் உன் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து கேமராக்காரர், "சார், இங்க பாருங்க சார்" என்றார். நீ அங்கே பார்த்தாய்.

இப்படிக் கடிதம் எழுதுகிற பெற்றவர்கள் எல்லாம் நடுவில் ஓரிடத்தில் "என் மீதும் தவறு உண்டு" என்று எழுதுவது வழக்கம். வேறு பல விஷயங்களில் நான் அப்படி எழுதத் தயார். உன்னைப் பத்தாவதில் ட்யூஷன் ட்யூஷன் என்று விரட்டியது, உனக்குப் பிடிக்காத கோர்ஸில் சேர்த்தது எல்லாவற்றுக்கும் எழுதித் தருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் எழுத மாட்டேன். சத்தம் போட்டிருந்தால் உன் கல்யாணம் கெட்டிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு தூணோரம் போய் நின்றேன். உயிரோடு இருக்கிறவளைத் தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, செத்துப்போனவரை மேடைக்கு வரவழைத்துக் கை தட்டினீர்கள். அபசகுனம் என்றால் எங்கள் இரண்டு பேரில் யார் என்று நீயே சொல்.

இதையும்கூட நான் விழுங்கியிருப்பேன். பெண்களுக்கு விழுங்குவது ஒன்றும் புதிது இல்லை. கல்யாண வீடியோவின் லிங்க்கை நீ அனுப்பினாய் பார், அதுதான் என்னால் விழுங்க முடியாமல் போனது. நீ வாங்கிக் கொடுத்த பெரிய டி.வி.யில், "இதுல ஒவ்வொரு முடியும் தெரியும்மா" என்று நீ மாட்டிவிட்டுப் போன டி.வி.யில், பக்கத்து வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு போட்டேன். நித்யா தலையில் வைத்திருந்த மல்லிகையில் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. உன் நெற்றி வேர்வை தெரிந்தது. அவ்வளவு துல்லியம், குறை சொல்ல மாட்டேன். "நீங்க எங்கக்கா இருக்கறீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். நானும் தேடினேன். கடைசியில் தாலி கட்டுகிற இடத்தில் நித்யாவின் தோளுக்குப் பின்னால் ஒரு பச்சை நிறம் அசைந்தது. அது என் பட்டுப்புடவை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவு மாதிரி ஒன்று இருந்தது. நிறுத்தி வைத்துக் கிட்டே போய்ப் பார்த்தேன். கிட்டே போகப் போக இன்னும் கலங்கியது. மூன்று மணி நேரப் படத்தில் பெற்றவள் இருப்பது அவ்வளவுதான். வந்தவள் "டீ குடிக்கறீங்களாக்கா, போட்டு எடுத்தாறேன்" என்று எழுந்து போய்விட்டாள். அவளுக்கே பாவமாக இருந்தது.

நான் சும்மா இருக்கிறவளா? மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். தேர் ஓடும் வீதி ஒன்றில் மாடியில்தான் அந்த ஸ்டுடியோ. பையன் மரியாதையானவன், அவனைக் குறை சொல்வதற்கு இல்லை. கல்யாணத் தேதியைச் சொன்னதும், "ஓ, அந்த அப்பா வீடியோ பண்ணோமே, அந்த கல்யாணமா! செம ரெஸ்பான்ஸ்மா. அத பாத்துட்டு நெறைய பேரு அதே மாதிரி கேக்கறாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் அந்த இடத்தைப் போடச் சொல்லி, பச்சையைக் காட்டி, "இத கொஞ்சம் தெளிவா ஆக்கித் தர முடியுமா?" என்று கேட்டேன். அவன் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்றான். "நான்தான். மாப்ளயோட அம்மா" என்றேன். அவனுக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

"அது ஒண்ணும் பண்ண முடியாதும்மா. இதுல படம் பதியற சென்சாரு பெருசு. ஃபோகஸ் பொண்ணு மாப்ள மேல இருக்குது. பின்னாடி இருக்கறது கலங்குனாத்தான் முன்னாடி இருக்கறவங்க எடுப்பா தெரிவாங்க. அதுக்குத்தாம்மா இவ்ளோ காசு போட்டு லென்ஸ் வாங்கறோம். சார்தான் சினிமாட்டிக்கா வேணும்னாரு" என்றான். "பின்னாடி நின்னவங்க வந்து கேட்டா என்னா சொல்வீங்க?" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "யாரும் இதுவரைக்கும் வந்து கேட்டதில்லம்மா" என்றான். உண்மையைத்தான் சொன்னான். பிறகு அவனாகவே, "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். உங்க போட்டோ ஒண்ணு குடுங்க, ஏ.ஐ.ல போட்டு அந்த எடத்துல முகத்த வரவெச்சுடறேன்" என்றான். "உசுரோட உக்காந்துருக்கறவளுக்கு எதுக்குப்பா முகத்த வரவெக்கணும்?" என்றேன். சரி, வந்தது வந்தேன் என்று உன் அப்பாவின் கன்னத்தைப் பற்றியும் கேட்டேன். "அது பழைய கேமராவுல எடுத்ததும்மா. வீட்டுக்குள்ள லைட்டு கம்மி, படம் பூரா புள்ளி புள்ளியா ஜாஸ்தி. அதயெல்லாம் சுத்தம் பண்றப்ப சாஃப்ட்வேரு தழும்பயும் புள்ளின்னு நெனச்சி எடுத்துடுச்சி. சார்கிட்ட அனுப்பிக் காட்டிட்டுத்தான் போட்டோம், சூப்பர்னாரு" என்றான். சாஃப்ட்வேருக்கு உன் அப்பாவைத் தெரியாது. உனக்குத் தெரியுமே தம்பி. நீ எப்படி சூப்பர் என்று சொன்னாய்?

இப்போது அந்தப் பழைய கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ ஒன்பதாவது படிக்கும்போது உன் மாமா, என் தம்பி, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்கும் அளவு, பெட்டியின் மேல் ஃபுல் ஹெச்.டி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "மச்சான், இத வெச்சி நீங்களே கல்யாண ஆர்டர் புடிக்கலாம்" என்று உன் மாமா சொன்னதும் உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடையைச் சாத்துகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெயிலில் எடுத்தது, அடடா, அலையில் நுரைகூடத் தனித்தனியாகத் தெரியும். அதே கேமராவை வீட்டுக்குள் கொண்டுவந்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தால் எல்லார் முகமும் பச்சைபாய்ந்து, ஜுரத்தில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரி இருக்கும். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எடுக்கும் முன்னால் என்னை ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார். எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டிவிட்டால் மற்ற நிறமெல்லாம் சரியாகிவிடுமாம். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், நான் வேட்டியை விரித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்பேன். பிறகுதான் காபி.

உனக்கு அது கேலிப்பொருள். ஓடுகிற ஆளை எடுத்தால் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வரும். "அப்பா, உன் சிங்கப்பூர் டப்பாவுல நான் சைக்கிள் ஓட்டுனா முள்ளம்பன்னி ஓட்டற மாதிரி இருக்குது" என்பாய். கொஞ்சம் இருட்டினாலும் படம் முழுக்க ரவை கொட்டியது மாதிரி புள்ளி. எதைத் தெளிவாகக் காட்டுவது என்று தெரியாமல் கேமரா முன்னும் பின்னும் திணறும். இதெல்லாம் உண்மை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று, அதில் முன்னால் இருப்பவரும் தெளிவாக இருப்பார், கூடத்தின் கடைசியில் சுவரோரம் நிற்பவரும் தெளிவாக இருப்பார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "உள்ள இருக்கற சென்சாரு நகத்தளவுகூட இல்ல. கண்ணாடி போடாதவங்க கண்ணச் சுருக்கிப் பாக்கறாங்கள்ல, அது மாதிரி. எல்லாம் தெளிவாத் தெரியும், ஆனா வெளிச்சம் நெறைய வேணும்" என்றார். காயில் கட்டுகிறவர், இதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ.

காடாம்புலியூரில் உன் அத்தை மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள், நினைவிருக்கிறதா? நீ பலாச்சுளையைத் தின்றுவிட்டு வயிற்று வலி என்று முந்திரித் தோப்பில் சுருண்டு படுத்தாயே, அன்றைக்குத்தான். உன் அப்பா காலையிலிருந்து பந்தல் முழுக்கச் சுற்றிச் சுற்றி எடுத்தார். அடுத்த ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அதை டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். நாம் கொண்டுபோன மாமன் சீரைப் பெண்ணின் முன்னால் அடுக்குகிறார்கள், பெண்கள் வரிசையாக வந்து நலங்கு வைக்கிறார்கள், எல்லாரும் முன்னால் முண்டியடிக்கிறார்கள். உன் அப்பா திடீரென்று படத்தை நிறுத்தினார். "இந்தா, இங்க பாரு" என்று டி.வி.யின் மூலையில் விரலை வைத்தார். கூட்டத்துக்கு எல்லாம் பின்னால், சமையல் பாத்திரம் அடுக்கியிருந்த கதவோரம் உன் பெரியம்மா நிற்கிறாள். என் கூடப்பிறந்த அக்கா. கல்யாணமாகி நாலு வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எட்டி எட்டிப் பார்க்கிறாள். யாராவது திரும்பினால் சட்டென்று பாத்திரத்தை நகர்த்துகிற மாதிரி குனிந்துகொள்கிறாள். அவ்வளவும் துல்லியமாகத் தெரிந்தது. "நான் அங்கயேதான் நின்னு எடுத்தேன். எனக்கு அப்பத் தெரியல பாரு" என்றார் உன் அப்பா. நிறுத்தின படத்தை அவர் ரொம்ப நேரம் ஓடவிடவில்லை. நான் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். கூடப்பிறந்தவள் நான், எனக்கும்தான் அன்றைக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குக் குடிபோனோம். திருப்பாதிரிப்புலியூரில் இப்போது நான் தனியாக உட்கார்ந்து எழுதுகிற இதே வீடுதான். விடியற்காலை பால் காய்ச்ச வேண்டும். அடுப்பைச் சுற்றிச் சுமங்கலிகள் நிற்கிறார்கள், உன் அத்தை நடுநாயகமாக நிற்கிறாள். பெரியம்மா வழக்கம்போல பின்கட்டுக் கதவோரம். உன் அப்பா கேமராவைத் தூக்கி அந்தச் சின்ன மடக்குத் திரையைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார். "அக்கா, அங்க இருட்டுல நின்னா உங்க மூஞ்சி ரவை ரவையா வருது. முன்னாடி வாங்க." பெரியம்மா பதறிப்போய், "வேணாம் தம்பி, நான் இங்கயே நிக்கறேன், நீங்க எடுங்க" என்றாள். "இது சின்ன கேமராக்கா, இருட்டுல எடுக்காது. வெளிச்சத்துக்கு வாங்க" என்றார். உன் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, பால் பொங்கற நேரம்ணே" என்றாள். "பால் அடுப்புல பொங்குது, நீ அதப் பாரு. படம் புடிக்கறது நானு" என்றார் இவர். படம் கெட்டுப்போகும் என்றால் என்ன பதில் சொல்வது? பெரியம்மா ஒவ்வோர் அடியாக முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் அவள் கையில் கரண்டியைக் கொடுத்தேன். பால் பொங்கியது. வீடும் ஒன்றும் இடிந்து விழவில்லை.

விருந்தெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு நான் கேட்டேன், "நெஜமாவே வெளிச்சம் பத்தலியா? பின்கட்டுலதான் பெரிய பல்பு எரிஞ்சிதே?" உன் அப்பா பேட்டரியை சார்ஜில் போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "கேமராவுக்குப் பத்தல" என்றார். அதற்குப் பிறகு நம் குடும்பத்தில் எந்த விசேஷமாக இருந்தாலும் உன் அப்பாவின் கேமராவுக்கு வெளிச்சம் பத்தாமலேதான் இருந்தது. ஓரமாக நிற்கிறவர்களை எல்லாம் முன்னால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சட்டை, அந்த முகம், அந்தத் தழும்பு எல்லாம் இருக்கிற படம் அன்றைக்கு எடுத்ததுதான். "கொஞ்ச நேரம் நான் புடிக்கறேன், நீங்களும் அடுப்புகிட்ட நில்லுங்க" என்று நான் கேமராவை வாங்கி எடுத்தேன். என் கை ஆடியது, படமும் ஆடுகிறது. "கொஞ்சம் சிரிங்களேன்" என்று என் குரல் கேட்கிறது. "பல்லு ஒடஞ்சிருக்குதுடி" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்கிறார். நீ கல்யாணத்துக்கு உன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போனது அதைத்தான். ஆடுவதை நிறுத்தினார்கள், பல்லை ஒட்டினார்கள், சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். அவர் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார் தம்பி. உன் மண்டபத்தில் அவர் மேகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உன் ஸ்டுடியோக்காரனின் கேமரா குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே எடுக்குமாம். அவனே பெருமையாகச் சொன்னான். நல்ல விஷயம்தான். அப்படியானால் இனிமேல் யாரையும் வெளிச்சத்துக்குக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. நிற்கிறவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கலாம். மட்டமான கேமராவை வைத்துக்கொண்டு உன் அப்பா எல்லாரையும் படத்துக்குள் கொண்டுவந்தார். நீ இவ்வளவு உசத்தியான கேமராவைக் கொண்டுவந்து பெற்றவளை வெளியே விட்டாய்.

உனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அப்பனாகப் போகிறவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, சொல்கிறேன். பிள்ளையை ஆயிரம் படம் எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்னத்தில் மருவோ தழும்போ இருந்தால் அதைத் துடைக்கச் சொல்லாதே. உன் அப்பாவைப் போல ஒரு கண் சின்னதாகப் பிறந்தால் அப்படியே இருக்கட்டும். விசேஷத்தில் கேமராக்காரன் "இங்க பாருங்க சார்" என்றால், பார்ப்பதற்கு முன் ஒரு தரம் திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அவனைப் பார். நித்யாவிடமும் சொல். அவள் நல்ல பெண். கல்யாணத்தன்று பந்தி நேரத்தில் என்னைத் தேடி வந்து, "அத்த, நீங்க எங்க போயிட்டீங்க?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். சாம்பார் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

கார்டை அனுப்ப மாட்டேன். வளைகாப்புக்கு உன் அப்பா வர மாட்டார். அவர் செத்துப்போய்விட்டார், அவரை விட்டுவிடு. வருவதாக இருந்தால் நான்தான் வருவேன். அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, அதே மண்டபத்துக்கு வருவேன். நித்யாவின் கையில் முதல் வளையலைப் போட நான் எழுந்திருக்கும்போது உன் அத்தை என் முழங்கையைப் பிடிப்பாள். பிடிக்காமல் இருக்க மாட்டாள், எனக்கு அவளைத் தெரியும். அப்போது நான் உன்னைப் பார்ப்பேன். அன்றைக்குப் பார்த்தது போலத்தான் பார்ப்பேன். நீ என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் உன் அப்பா கேமராவைப் பிடித்துக்கொண்டு சொன்னதை உன் காதாலேயே கேட்டிருக்கிறாய். அதைச் சொல்ல உனக்கு வாய் வருமா என்று நீயே யோசித்துவிட்டு என்னைக் கூப்பிடு. வராது என்றால் கூப்பிடாதே. இன்னொரு தூணோரம் போய் நிற்க என்னால் ஆகாது.

எனக்கும் ஒருநாள் முடிந்துபோகும். அப்போது உனக்குக் கட்டாயம் தோன்றும், அம்மாவையும் மேகத்திலிருந்து இறக்க வேண்டும் என்று. ஸ்டுடியோக்காரன் ஒரு நல்ல படம் கேட்பான். உன் அப்பா எடுத்ததில் நான் எல்லா இடத்திலும் இருக்கிறேன், வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டுகூட நிற்கிறேன். அது என்னோடு போகும். உன்னிடம் தேடிப் பார். நீ எடுத்ததில், நீ காசு கொடுத்து எடுக்கச் சொன்னதில், உன் அம்மாவின் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் இருக்கிறதா என்று பார்.

இருக்காது. வளைகாப்பு காலையில்தான் என்று சொன்னாய். அந்த மண்டபத்தில் மேடைப்பக்கம் காலை வெயில் நன்றாக விழும், அன்றைக்கே பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மா